திருகோணமலையில் கெட்டுப்போகும் நிலத்தை வரைபடத்தில் காட்டுவது எப்படி? ஒரு தம்பியின் கேள்விக்கு விரிவான பதில்

தம்பி கேட்டதைச் சுருக்கினால் இவ்வளவுதான். இறுதியாண்டு ஆய்வுக்காகத் திருகோணமலை மாவட்டத்தில் பாலைவனமாகும் ஆபத்துள்ள நிலங்களை வரைபடமாக்க வேண்டும். நிலம் கெடும் ஆபத்தை மதிப்பெண் போட்டுக் கணிக்கும் ‘மெடலஸ்’ முறையைப் பார்க்கச் சொன்னார் விரிவுரையாளர். செய்மதித் தரவுகளை இறக்கி, கணினியில் ஓட்டியும் பார்த்தாயிற்று. மாவட்டம் முழுக்க ஏறக்குறைய ஒரே நிறமாக வந்துவிட்டது. மூதூரில் அப்பப்பாவின் வயல் உவர் ஏறி ஐந்தாறு போகமாக விளையவில்லை. அதுகூட ‘பாதிப்பில்லை’ என்று பச்சையாக நிற்கிறது. எங்கே பிழை விட்டேன்?

நீங்கள் பிழை விடவில்லை. கணக்குச் சரியாகத்தான் ஓடியிருக்கிறது. அந்தக் கணக்கு வேறு ஊருக்குப் போட்டது, அவ்வளவுதான். காணி அளவையும் நிலப்பயன்பாட்டு வரைபடமுமாக இருபது வருடத்துக்கு மேல் இந்த மாவட்டத்தில் அலைந்தவன் நான். இதே பள்ளத்தில் விழுந்து எழும்பினவன் என்பதால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

முதலில் ‘பாலைவனமாதல்’ என்ற சொல்லைப் பார்ப்போம். கேட்டவுடனே மணல்மேடும் ஒட்டகமும்தான் மனதில் வரும். 1994 ஜூன் 17 அன்று பாரிஸில் ஏற்றுக்கொள்ளப்பட்ட ஐக்கிய நாடுகள் உடன்படிக்கை அதை அப்படிச் சொல்லவில்லை. வறண்ட, அரை வறண்ட, ஓரளவு உலர்ந்த பிரதேசங்களில் காலநிலையாலும் மனிதர் செய்கையாலும் நிலத்தின் தரம் கெடுவதுதான் அதன் பார்வையில் பாலைவனமாதல். ‘உலர்ந்த பிரதேசம்’ என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. ஆண்டு மழையை, அந்த இடத்தில் ஆவியாகிப் போகக்கூடிய நீரின் அளவால் வகுக்க வேண்டும். விடை 0.05க்கும் 0.65க்கும் இடையில் வந்தால் அது உலர்ந்த பிரதேசம்.

திருகோணமலையில் ஆண்டு மழை சராசரியாக 1,500 மில்லிமீற்றருக்கு மேல். ஆவியாதலைத் தாராளமாக 2,000 என்று வைத்து வகுத்தாலும் 0.75 வருகிறது. ஆக, அந்த இலக்கணத்தின்படி நம்முடைய மாவட்டம் பாலைவனமாதல் என்ற சொல்லுக்குள் வரவே வராது. மன்னாரும் அம்பாந்தோட்டையும் அந்த எல்லையை நெருங்கும், நாம் இல்லை. இதைக் கேட்டுவிட்டு ‘அப்படியென்றால் தலைப்பையே மாற்ற வேண்டுமா?’ என்று பதற வேண்டாம். ‘நிலச் சீரழிவு’ என்று எழுதுங்கள், போதும். நம் ஊரில் நிலம் கெடுவது உண்மை. அது வறட்சியால் மட்டும் கெடுவதில்லை என்பதையும் சேர்த்து மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மழையின் ஆண்டுக் கணக்கு இன்னொன்றையும் மறைக்கிறது. அந்த மழையின் பெரும்பங்கு ஒக்டோபரிலிருந்து ஜனவரிக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். பிறகு நீண்ட வெயில். வைகாசி, ஆனியில் கச்சான் என்கிற வறண்ட தென்மேற்குக் காற்று தொடங்கினால் மண்ணில் மிச்சமிருக்கும் ஈரத்தையும் அது உறிஞ்சிக்கொண்டு போகும். (வெளியூர் நண்பர் ஒருவர், கச்சான் என்றால் கடலை, கடலைக்கு என்ன காற்று என்று கேட்டார். ஒரு சிறுபோகம் இங்கே நின்று பார்க்கச் சொன்னேன்.) ஆண்டு சராசரியை மட்டும் பார்க்கும் எந்தச் சூத்திரத்துக்கும் இந்த ஏழெட்டு மாதம் தெரியாது.

இனி மெடலஸுக்கு வருவோம். 1990களில் ஐரோப்பாவின் மத்தியதரைக் கடலோர நாடுகளுக்காக உருவான முறை அது. 1999இல் அதன் கையேடு வந்தது. கிரேக்கத்தின் லெஸ்வோஸ் தீவு, தென் இத்தாலியின் அக்ரி ஆற்றுப்படுகை, போர்த்துக்கலின் அலென்தேஜோ ஆகிய இடங்களில் பரீட்சித்துப் பார்த்தது. மண், காலநிலை, தாவரம், முகாமைத்துவம் என்று நான்கு தரச் சுட்டிகள். ஒவ்வொன்றுக்கும் 1இலிருந்து 2 வரை மதிப்பெண். 1 நல்லது, 2 மோசம். நான்கையும் பெருக்கி நான்காம் மூலம் எடுத்தால் இறுதி எண். 1.17க்குக் கீழே என்றால் பாதிப்பில்லை, 1.37ஐத் தாண்டினால் ஆபத்தானது. முறை எளிமையானது, நேர்மையானது. அதன் சொந்த ஊரில் நன்றாகவே வேலை செய்கிறது.

நம் ஊரில் என்ன நடக்கிறது? காலநிலைச் சுட்டியில் ஆண்டு மழை 650 மில்லிமீற்றருக்கு மேல் இருந்தாலே முழு மதிப்பெண். குச்சவெளி, கந்தளாய், சேருவில என்று பார்க்காமல் மாவட்டம் முழுவதும் 1 வாங்கிவிடும். எல்லாப் பிள்ளைகளுக்கும் நூற்றுக்கு நூறு கொடுத்த பரீட்சையில் யார் கெட்டிக்காரன் என்று எப்படிச் சொல்வது? அடுத்தது, சரிவு எந்தத் திசையைப் பார்க்கிறது என்ற கேள்வி. கிரேக்கத்தில் தெற்கு நோக்கிய சரிவு வெயிலில் வேகும், வடக்குச் சரிவு குளிர்ந்திருக்கும். நாம் எட்டரைப் பாகை அகலக்கோட்டில் இருக்கிறோம். சூரியன் வருடத்தில் இரண்டு தடவை நேரே உச்சந்தலைக்கு மேல் வருகிறான். மாவட்டத்தின் பெரும்பகுதி தட்டையான நிலம். அந்தக் காரணிக்கு இங்கே என்ன வேலை? தாவரப் பட்டியலில் ஒலிவ் மரம் இருக்கும். பாலையும் வீரையும் முதிரையும் நிற்கும் நம் காட்டுக்கு எந்த வரியில் மதிப்பெண் போடுவது என்று நீங்களே தலையைச் சொறிந்திருப்பீர்கள்.

இவற்றைக்கூட உள்ளூருக்கு ஏற்ப மாற்றிவிடலாம். பலர் மாற்றியும் இருக்கிறார்கள். பெரிய வில்லங்கம் பெருக்கல் மூலத்தில்தான் இருக்கிறது. உங்கள் அப்பப்பாவின் வயலையே எடுத்துக்கொள்வோம். மண் சுட்டியின் அடிப்படைப் பட்டியலில் தாய்ப்பாறை, இழையமைப்பு, கல், ஆழம், சரிவு, வடிகால் என்று ஆறு காரணிகள். உவருக்கு அதில் இடமில்லை. சரி, ஏழாவதாக நாமே உவரைச் சேர்த்து, அந்த வயலுக்கு மிக மோசமான 2ஐக் கொடுப்போம். மற்ற ஆறும் 1 என்று வைப்போம். இரண்டின் ஏழாம் மூலம் 1.10. காலநிலை, தாவரம், முகாமைத்துவம் எல்லாம் 1 என்றால், அந்த 1.10க்கு மறுபடியும் நான்காம் மூலம் எடுக்க வேண்டும். விடை 1.025. நெல் ஒரு மணி விளையாத வயல், ‘பாதிப்பில்லை’ வகுப்பில் சொகுசாக உட்கார்ந்திருக்கிறது. உங்கள் வரைபடத்தில் பச்சை வந்த கதை இதுதான்.

சராசரிக் கணக்கு எதுவாக இருந்தாலும் இப்படித்தான். குடத்தில் ஓட்டை ஒன்று இருந்தால் போதும், தண்ணீர் முழுக்கப் போய்விடும். மற்ற இடமெல்லாம் நல்ல மண்ணால் வனைந்தது என்று மதிப்பெண் போட்டு ஆவதென்ன? பயிருக்கும் அப்படியே. எந்தக் காரணி மிக மோசமோ அதுதான் விளைச்சலைத் தீர்மானிக்கும். ஆகவே நான்கையும் பிசைந்து ஒரே எண்ணாக்காமல், நிலம் கெடும் ஒவ்வொரு வழிக்கும் தனித்தனி வரைபடம் போடுங்கள். பிறகு ஒன்றின்மேல் ஒன்றை வைத்துப் பாருங்கள். இது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. உலகப் பாலைவனமாதல் அட்லஸ் 1992இலும் 1997இலும் வெளிவந்தது. 2018இல் மூன்றாம் பதிப்பு வந்தபோது, உலகம் முழுவதற்கும் ஒரே ‘பாலைவனமாதல் வரைபடம்’ என்ற எண்ணத்தையே அதைச் செய்தவர்கள் கைவிட்டுவிட்டார்கள். எந்த இடத்தில் எத்தனை அழுத்தங்கள் ஒன்றாகக் குவிகின்றன என்று மட்டும் காட்டி, மீதியை அந்த இடம் தெரிந்தவர்கள் வாசிக்கட்டும் என்று விட்டார்கள். இடம் தெரிந்தவர்கள் என்றால் இங்கே நீங்களும் நானும்தான்.

அடுத்ததாக, எனக்கு மிக முக்கியமாகப் படுகிற ஒன்று. செய்மதியில் பச்சையாகத் தெரிவதெல்லாம் நல்ல நிலமில்லை.

தாவரச் சுட்டி என்கிற என்.டி.வி.ஐ. எப்படி வருகிறது என்று உங்களுக்குத் தெரியும். இலை சிவப்பொளியை உறிஞ்சும், அண்மை அகச்சிவப்பைத் திருப்பி அனுப்பும்; இரண்டின் வித்தியாசத்தை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் பச்சையின் அளவு. அந்த இலை நெல்லின் இலையா, பாழ்பட்ட வளவில் முளைத்த பற்றையின் இலையா என்று சுட்டிக்குத் தெரியாது. சம்பூரை நினைத்துப் பாருங்கள். 2006இல் சனம் இடம்பெயர்ந்தது. காணிகளுக்கு ஆட்கள் திரும்பியது 2015, 2016இல்தான். இடையில் ஒன்பது வருடம் வயலும் தோட்டமும் பற்றை மூடிக் கிடந்தன. அந்த வருடங்களின் படங்களை வரிசையாக அடுக்கிப் போக்குக் கோடு போட்டால் பச்சை ஏறிக்கொண்டே போகும். கணினி ‘முன்னேற்றம்’ என்று எழுதும். சனம் திரும்பி வந்து பற்றையை வெட்டி, வரம்பு கட்டி, கிணற்றை இறைத்தவுடன் பச்சை இறங்கும். கணினி ‘சீரழிவு’ என்று எழுதும். ஊர் பாழானது முன்னேற்றம், ஊர் திரும்பியது சீரழிவு! சம்பூர் மட்டுமில்லை. குச்சவெளி, திரியாய்ப் பக்கத்திலும் வெவ்வேறு வருடங்களில் இதே கதைதான்.

நிலையான அபிவிருத்தி இலக்குகளில் 15.3.1 என்ற குறிகாட்டியைப் பார்த்திருப்பீர்கள். நிலப்போர்வை, நில உற்பத்தித்திறன், மண்ணின் சேதனக் காபன் ஆகிய மூன்றில் ஒன்று கெட்டாலும் நிலம் கெட்டதாகக் கொள்ளும். சராசரி போடாத அந்த விதி எனக்குப் பிடிக்கும். ஆனால் அதன் அடிப்படைக் காலம் 2000இலிருந்து 2015 வரை. நம் மாவட்டத்துக்கு அந்தப் பதினைந்து வருடம் என்ன என்று எண்ணிப் பாருங்கள்: போர், 2002இன் யுத்த நிறுத்தம், 2004 டிசம்பரில் சுனாமி, 2006இல் மூதூர்ப் பக்கத்துச் சண்டையும் இடப்பெயர்வும், 2009இல் போர் முடிவு, பிறகு மெல்ல மெல்ல மீள்குடியேற்றம். இதைச் ‘சாதாரண நிலை’ என்று வைத்து எதை ஒப்பிடுவது? அளவுகோலே வளைந்து கிடக்கிறது.

முன்பொரு முறை நான் செய்த வரைபடம் ஒன்றைக் கிராமக் கூட்டத்தில் சுவரில் மாட்டி விளக்கிக்கொண்டிருந்தேன். அடர்த்தியான காடு என்று கரும்பச்சை அடித்திருந்த இடத்தில் வயதான ஓர் அம்மா விரலை வைத்து, “தம்பி, இதுக்குள்ளதான் என்ர கிணறு கிடக்கு” என்றார். கூட்டம் சிரித்தது. நான் சிரிக்கவில்லை, அடுத்த கிழமை போய்ப் பார்த்தேன். கிணற்றுக் கட்டு இருந்தது, பக்கத்தில் உடைந்த துலாக்கால். ஒரு புளி, இரண்டு மா, வரிசையாகப் பனை. பற்றைக்குள் கால் வைத்த இடமெல்லாம் பழைய வரம்பு தட்டுப்பட்டது. அந்த வரைபடத்தை யாராவது கையில் எடுத்து ‘இது காடு, இங்கே வெட்டக் கூடாது’ என்று சொல்லியிருந்தால் அந்த அம்மா எங்கே போயிருப்பார்? காடா காணியா என்பது இந்த மாகாணத்தில் சும்மா தாவரவியல் கேள்வி இல்லை.

ஆகவே உங்கள் வரைபடத்தின் முதல் படலம் (அடுக்கு) மண்ணும் இல்லை, மழையும் இல்லை, வரலாறு. எந்தக் கிராம சேவகர் பிரிவில் எந்த வருடம் சனம் வெளியேறியது, எந்த வருடம் திரும்பியது என்று ஓர் அட்டவணை போடுங்கள். நில அளவைத் திணைக்களத்தின் பழைய 1:50,000 தாள்களில் அன்றைய வயல்கள் குறிக்கப்பட்டிருக்கும். லான்ட்சாட் 5 செய்மதி 1984இலிருந்து 30 மீற்றர் நுணுக்கத்தில் படம் எடுத்தது. அந்தச் சேமிப்பு முழுவதும் 2008இலிருந்து இலவசம். இடப்பெயர்வுக்கு முந்திய நிலையைத் தேட இவையிரண்டும் உதவும். கைவிடப்பட்ட வருடங்களை ஒப்பீட்டிலிருந்து வெளியே எடுத்துவிட்டு, விளைந்த வருடத்தை விளைந்த வருடத்தோடு ஒப்பிடுங்கள். 2016, 2017 போன்ற கடும் வறட்சி வருடங்களையும் தனியே பாருங்கள். மழை எதிர்பார்க்க வைக்கும் பச்சையைக் கழித்துவிட்டு மிச்சத்தில் போக்கைத் தேடும் முறை ஒன்று உண்டு; அதைக் கையாளலாம். குளத்து நீர் பாயும் வயலில் மட்டும் அதை நம்பாதீர்கள். அங்கே பச்சையைத் தீர்மானிப்பது வானம் இல்லை, கந்தளாய்க் குளத்தின் துருசு, அதாவது மதகு.

சரி, உவர். மாவட்டத்தில் நிலம் கெடும் வழிகளில் நேரே சோற்றில் கைவைப்பது இதுதான் என்பது என் கணிப்பு. மகாவலி 335 கிலோமீற்றர் ஓடி வந்து கொட்டியாரக் குடாவில் கடலைச் சேரும் இடம் நம்முடையது. மூதூர், கிண்ணியா, தம்பலகாமம், வெருகல் ஆகிய இடங்களின் தாழ்ந்த வயல்கள் கடல்மட்டத்தைவிடச் சில அடிகளே உயரமானவை. மழைக்காலத்தில் ஆறு கடலைத் தள்ளும். கோடையில் ஆறு மெலிந்தால் கடல் ஆற்றைத் தள்ளும். கனத்த உப்புநீர் ஆற்றின் அடியால் நாக்குப்போல உள்ளே நீளும். ஆற்றுப்படுகையில் மணல் அள்ளி அடி ஆழமாகும்போது அந்த நாக்கு இன்னும் தூரம் ஏறும். வாய்க்காலில் சவர்த்தண்ணி வரும். அதைப் பாய்ச்சினால் கெடும், பாய்ச்சாவிட்டால் காயும். காய்ந்த களிமண்ணில் நிலத்தடி உப்பு மேலே ஏறி ஆவணியில் வெள்ளைப் பொருக்காகப் பூக்கும்.

இதைச் செய்மதியால் பாதிதான் பிடிக்கலாம். வெள்ளைப் பொருக்கு கோடையின் கடைசியில், மழை தொடங்குவதற்கு முன் தெளிவாகத் தெரியும். ஆனால் காய்ந்த மணலும் வெள்ளைதான், அறுத்த வயலின் வைக்கோலும் வெளிறித்தான் தெரியும், நிலாவெளி உப்பளமும் வெள்ளைதான். உயரப் படலத்தை வைத்து எந்த வயலுக்கு உப்புநீர் வரும் என்று சிலர் கணக்குப் போடுவார்கள். தயவுசெய்து அதைச் செய்ய வேண்டாம். 2000ஆம் ஆண்டு விண்கலத்திலிருந்து எடுத்த இலவச உயரத் தரவில் பிழையே சில மீற்றர் வரும். அதோடு மரம் நின்றால் மரத்து உச்சியைத்தான் அது நிலம் என்று சொல்லும். ஒன்று, இரண்டு மீற்றரில் தலையெழுத்து தீர்மானமாகும் வயலுக்கு அந்தத் தரவு, தங்கத்தை விறகுத் தராசில் நிறுத்த மாதிரி. அதைவிட, உப்பு ஏறும் வாய்க்காலிலிருந்து வயல் எவ்வளவு தூரம் என்று அளந்தால் பயனுண்டு.

மீதிப் பாதியைக் காலால் நடந்துதான் பிடிக்க வேண்டும். உப்பின் அளவைக் காட்டும் கையடக்க மின்கடத்துதிறன் மானி ஒன்றை ஆய்வுகூடத்தில் இரவல் கேளுங்கள். 20 கிராம் காய்ந்த மண், 100 மில்லிலீற்றர் வடித்த நீர், நன்றாகக் குலுக்கி, அடைய விட்டு அளவெடுங்கள். வரும் எண்ணைக் களிமண்ணுக்கு ஏறக்குறைய 7ஆலும், மணல் கலந்த இருவாட்டிக்கு ஏறக்குறைய 14ஆலும் பெருக்கினால் நூல்களில் சொல்லும் அளவோடு ஒப்பிடலாம். மீற்றருக்கு 4 டெசிசீமன்ஸ் வந்தால் அது உவர்மண். நெல் அதற்கு முன்பே, 3இலேயே தளரத் தொடங்கும். அதன்பிறகு ஒவ்வோர் அலகுக்கும் விளைச்சல் ஏறக்குறைய 12 வீதம் விழும். மானி இல்லாத நாளில் கண்ணே மானி. உமரி முளைத்திருக்கிறதா, கோரை ஏறியிருக்கிறதா, நெல்லின் இலைநுனி எரிந்து வெளிறியிருக்கிறதா என்று பாருங்கள். என்ன நெல் விதைக்கிறீர்கள் என்றும் கேளுங்கள். ஒரு வெளியில் பலர் உவர் தாங்கும் ஏ.ரி. 354ஐ விதைக்கத் தொடங்கியிருந்தால், உங்களுக்கு முன்பே அவர்கள் வரைபடம் போட்டுவிட்டார்கள் என்று அர்த்தம்.

கரையோர மணல் நிலம் வேறு கதை. நிலாவெளியிலிருந்து கும்புறுப்பிட்டி, குச்சவெளி வரை சின்ன வெங்காயத் தோட்டங்களைச் செய்மதியில் பாருங்கள். கோடையிலும் பளிச்சென்ற பச்சை. கீழே என்ன நடக்கிறது என்று பச்சைக்குத் தெரியாது. மணலுக்குள் நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீரின்மேல் மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே ஏறக்குறைய நாற்பதடிக்கு நல்ல தண்ணீர் இருக்கும் என்பது பழைய கணக்கு. மறுபக்கமாகச் சொன்னால், மோட்டார் பூட்டி நீர்மட்டத்தை ஓரடி நிரந்தரமாக இறக்கினால், உப்பு கீழிருந்து நாற்பதடி ஏறி வரும். தோட்டம் பச்சையாக இருக்கும்போதே கிணறு செத்துக்கொண்டிருக்கலாம். ஆகவே இங்கே வரைபடமாக்க வேண்டியது தோட்டத்தை இல்லை, கிணற்றை. வருடத்தில் இரண்டு முறை, மாசியிலும் ஆவணியிலும், ஒரே கிணறுகளில் நீர்மட்டமும் மின்கடத்துதிறனும் எடுத்தால், இரண்டே வருடத்தில் எந்தச் செய்மதியும் தராத படலம் ஒன்று உங்கள் கையில் இருக்கும்.

புல்மோட்டையைப் பற்றி ஒரு வரி. அங்கே இல்மனைட், ரூட்டைல், சேர்க்கோன் கலந்த கனிய மணலை அகழ்கிறார்கள். கடற்கரை மணலில் இயல்பாகவே பச்சை கிடையாது. எனவே வெற்று நிலமெல்லாம் சீரழிவு என்று நிறம் அடிக்க வேண்டாம், அகழ்ந்த பள்ளத்தையும் இயல்பான கரையையும் ஒரே வகுப்பில் போடவும் வேண்டாம்.

உள்நாட்டில், கோமரங்கடவல, மொரவெவப் பக்கம், பிரச்சினை சின்னக் குளங்களிலும், காடு வெட்டிப் பயிர்செய்யும் சேனை நிலத்திலும் இருக்கிறது. மேலே பற்றை வெட்டினால் மண் வந்து குளத்தில் படியும். குளம் மேடானால் சிறுபோகம் போகும். மண்ணரிப்புக் கணக்கிடும் சூத்திரத்தை அந்த நீரேந்து பகுதிகளுக்கு மட்டும் ஓட்டுங்கள். தட்டையான டெல்டாவுக்கு ஓட்டி நேரத்தை வீணாக்காதீர்கள். கோடையில் வற்றிய குளத்தின் அடியை ‘வெற்று நிலமாக மாறியது’ என்று நிலப்போர்வைத் தரவு சொல்லும். அதையும் நம்ப வேண்டாம். கார்த்திகையில் மறுபடி பாருங்கள்.

தரவு எதை எடுப்பது என்று கேட்டிருந்தீர்கள். அளவை நம் ஊர்க் கணக்கில் வைத்துப் பார்த்தால் முடிவு தானாக வரும். வழக்கமாக எடுக்கும் உலகளாவிய நிலப்போர்வைத் தரவு ஒன்றில் ஒரு கட்டம் (பிக்சல்) 300 மீற்றர். அதாவது 22 ஏக்கர். ஒரு கட்டத்துக்குள் பத்துப் பேருடைய வயலும் ஒரு வாய்க்காலும் ஒரு கோயிலும் அடங்கிவிடும். மொடிஸ் செய்மதிப் படம் 250 மீற்றர், ஏறக்குறைய பதினைந்தரை ஏக்கர். லான்ட்சாட்டின் கட்டம் முப்பத்தாறு பேர்ச்சஸ். 2015இல் முதலாவது சென்டினல்-2 போன பிறகு 10 மீற்றரில் கிடைக்கிறது, நாலே நாலு பேர்ச்சஸ். நீண்ட வரலாற்றுக்கு லான்ட்சாட், இன்றைய நிலைக்குச் சென்டினல்-2. மழைக்கு 1981இலிருந்து உள்ள சேர்ப்ஸ் தரவு. அது 5 கிலோமீற்றர்க் கட்டம் என்பதை மறக்க வேண்டாம். பெரும்போகம் நடுவில் முகில் விலகாது; மார்கழியில் நல்ல படம் கிடைத்தால் லொத்தர் விழுந்த மாதிரி. அந்த மாதங்களுக்கு முகிலைத் துளைக்கும் சென்டினல்-1 ரேடாரை எடுங்கள், வயலில் நீர் நின்றதா என்று காட்டும். எல்லாம் கூகுள் ஏர்த் எஞ்சினில் இருக்கிறது. கணினிக்குள் இறக்கிக்கொண்டு தவிக்கத் தேவையில்லை. மாசியை மாசியோடும் ஆவணியை ஆவணியோடும் ஒப்பிட வேண்டும். கதிர் முற்றிய வயலையும் அறுத்த வயலையும் ஒப்பிட்டு ‘அழிந்தது’ என்று எழுதிய அறிக்கைகளை நான் கண்டிருக்கிறேன்.

இன்னொரு சின்ன விஷயம், ஆனால் மூன்று நாள் தூக்கத்தைக் கெடுக்கும். இடங்களின் ஆள்கூறுகளைக் குறிக்கும் பழைய இலங்கைக் கட்டகத்தில் தொடக்கப் புள்ளிக்கு 200,000 மீற்றர் கொடுத்திருப்பார்கள், 1999இன் புதிய கட்டகத்தில் 500,000. ஒன்றை மற்றதாக நினைத்துத் திறந்தால் படலம் கிழக்கு மேற்காகவும் வடக்கு தெற்காகவும் 300 கிலோமீற்றர் தள்ளிப் போய்விடும். கந்தளாய்க் குளம் வங்காள விரிகுடாவில் மிதந்தால் பயப்பட வேண்டாம், அதுதான் காரணம். மென்பொருளில் கொடுக்க வேண்டிய ஈபிஎஸ்ஜி குறியீட்டு எண் புதியதற்கு 5235, பழையதற்கு 5234.

களத்துக்குப் போகும்போது ஒவ்வொரு வகுப்பிலும் இருபது முப்பது புள்ளிகளையாவது கணினியே தற்செயலாகத் தெரிவு செய்யட்டும். நீங்கள் தெரிவு செய்தால் வீதியோரமாகவே தெரிவு செய்வீர்கள், எல்லோரும் அப்படித்தான். கைத்தொலைபேசியின் இடங்காட்டி ஐந்து மீற்றர் அளவில் பிசகும், எனவே கட்டத்தின் நடுவில் நில்லுங்கள். விவசாயியிடம் ‘உங்கள் நிலம் சீரழிந்திருக்கிறதா?’ என்று கேட்காதீர்கள். நிவாரணம் வருகிறது என்று நினைத்தால் ஆம் என்பார், காணி பறிபோகிறது என்று நினைத்தால் இல்லை என்பார். ஏக்கருக்கு இப்போது எத்தனை மூடை, பத்து வருடத்துக்கு முன்பு எத்தனை, கடைசியாகச் சிறுபோகம் செய்தது எப்போது, வயலில் எந்த மூலை முதலில் சாகிறது என்று கேளுங்கள். வயல்களுக்கு நீர் பங்கிடும் வட்டவிதானையாரைக் கட்டாயம் சந்தியுங்கள். எந்த வாய்க்காலில் எந்த மாதம் தண்ணீர் சுவை மாறும் என்று நாக்கால் தெரிந்தவர் அவர். சேருவில, கந்தளாய்ப் பக்கம் பொழுதுபட முன் திரும்பிவிடுங்கள், யானை இருக்கிறது. பற்றைக்குள் இறங்க முன் கிராம சேவகரிடம் அந்த இடத்தில் கண்ணிவெடி அகற்றியாயிற்றா என்று கேளுங்கள். ட்ரோன் பறக்கவிட ஆசையென்றால் அனுமதி இல்லாமல் வேண்டாம். கடற்படைத் தளமும் சீனக்குடா விமானத் தளமும் உள்ள ஊர் இது.

வரைபடம் முடிந்த பிறகு யார் கையில் போகும் என்பதையும் முன்கூட்டியே யோசியுங்கள். சிவப்பு அடித்த வயலுக்கு வங்கியில் கடன் கிடைக்காமல் போகலாம். ‘பயனற்ற நிலம்’ என்று யாராவது வேறு திட்டத்துக்குக் கேட்கலாம். அதனால் ஒவ்வொரு நிறத்துக்கும் பக்கத்தில் காரணத்தையும் எழுதுங்கள்: உவர், கிணற்று நீர், அகழ்வு, மண்ணரிப்பு, கைவிடப்பட்டது என்று. வெறும் ‘உயர் ஆபத்து’ என்று மட்டும் எழுத வேண்டாம். களத்தில் பார்க்காத இடத்தைச் சாம்பல் நிறத்தில் விடுங்கள். பரீட்சகர் ‘ஏன் இவ்வளவு சாம்பல்?’ என்று கேட்டால், போகவில்லை என்று சொல்லுங்கள்.

இப்போதைக்கு முழு மாவட்டத்தையும் தூக்க வேண்டாம். 2,700 சதுர கிலோமீற்றரை ஒரு மாணவன் நடந்து தீர்க்க முடியாது. மூதூரில் அப்பப்பாவின் வயல் இருக்கும் கிராம சேவகர் பிரிவையும் பக்கத்தில் இரண்டு பிரிவுகளையும் எடுங்கள். ஆவணி நடுப்பகுதியில், மழைக்கு முன், மானியோடு போங்கள். முதல் மாதிரியை அப்பப்பா காட்டும் மூலையில் எடுங்கள். எண்கள் வந்தபிறகு எனக்கு அனுப்பினால் இருந்து பார்க்கலாம்.